புறநகரிலிருந்து மாநகருக்கு இருசக்கர வாகனத்தில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையின் புறநகர்களிலிருந்து நாள்தோறும் பைக்கில் வேலைக்கு வந்து போகிறவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவை இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரே பொருளைப் பற்றி வந்த சில கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஜி.எஸ்.டி. சாலையில் காலையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இப்போதுள்ள 110 சி.சி. வண்டியைக் கொடுத்துவிட்டு 200 சி.சி. வண்டி வாங்கினால் நேரம் குறையுமா?

குறையாது. நீங்கள் கடக்கும் தூரம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அதை 75 நிமிடங்களில் கடக்கிறீர்கள் என்றால், உங்கள் சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். இந்த வேகத்திற்கு 110 சி.சி. வண்டியே அதிகம். உங்கள் நேரத்தைத் தின்பது எஞ்சினின் திறன் குறைவு அன்று. பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் நின்று நின்று நகர்வதுதான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அந்த 28 கிலோமீட்டரில் தடையின்றி ஓட்டக்கூடிய பகுதி 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 14 நிமிடங்களும் சில நொடிகளும் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடம் ஆகும். இரண்டரை நிமிடம்கூட மிச்சமாகவில்லை. அதுவும் அடுத்த சிக்னலில் கரைந்துவிடும். ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவதால், அது 44 விழுக்காடு நீண்டுவிடுகிறது. இந்தப் பேரம் எனக்குக் கட்டுபடியாகத் தோன்றவில்லை.

நேரத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் வீட்டு வாசல்தான். இரண்டு வாரங்களுக்குப் புறப்படும் நேரத்தைக் கால் மணி, அரை மணி என்று முன்னே தள்ளிப் பார்த்து, சென்று சேரும் நேரத்தைக் குறித்துவையுங்கள். நெரிசல் தொடங்கும் நேரம் உங்களுக்கே தெளிவாகிவிடும். அதுவும் இயலாதென்றால், கூடுவாஞ்சேரி நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சீசன் டிக்கெட்டில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்குவதே உங்கள் வழித்தடத்திற்கு மிகவும் பொருந்தும். பைக் ஓட்டுவதைக் கற்றுக்கொடுப்பவன் ரயிலைப் பரிந்துரைப்பது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வருகிறவர் மற்ற நாள்களில் நிதானமாக ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். பதினைந்து ஆண்டுகளாகப் பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்துகிறேன். அண்மையில் குரோம்பேட்டையில் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றபோது பின்சக்கரம் வழுக்கி, மயிரிழையில் தப்பினேன். எது சரி?

உங்கள் தந்தை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வண்டி சாய்ந்திருக்கும்போதும், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதும், மணலிலும் சேற்றிலும் முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் விழ நேரிடும். அப்படி விழுந்தவர்களின் பட்டறிவே நாளடைவில் "முன் பிரேக்கே வேண்டாம்" என்ற பொது விதியாகிவிட்டது.

நேராகச் செல்லும் வண்டியில் நடப்பது வேறு. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்னோக்கிச் சாய, முன் டயர் தரையில் அழுந்துகிறது; பின் டயரோ கனம் குறைந்து, பிடிப்பை இழக்கிறது. அதாவது, நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர், கனம் குறைந்துபோன சக்கரத்தைக் கொண்டு முழு வண்டியையும் நிறுத்தப் பார்க்கிறார். அது பூட்டிக்கொண்டு வழுக்குவதில் வியப்பில்லை.

வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை நேராக்கி, இரண்டு பிரேக்குகளையும் ஒரே நேரத்தில், முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தம் கூட்டி இறுக்குங்கள். பதினைந்து ஆண்டுப் பழக்கம் படித்தவுடன் மாறாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத திடலில், 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 40 வரை, ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பத்து முறை நிறுத்திப் பழகுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த வண்டிகளில், 125 சி.சி. வரை இரு சக்கரங்களுக்கும் பிரேக்கைப் பகிர்ந்தளிக்கும் சி.பி.எஸ். அமைப்பும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் இருக்க வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தைய வண்டியாக இருந்தால், உங்கள் விரல்களே அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

ஆட்டோ சட்டென்று நின்றது என்கிறீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும். பிரேக்கில் விரல் படுவதற்கு முன்பே அந்தத் தூரம் கழிந்துவிடுகிறது என்பதால், முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு நொடி இடைவெளியாவது தேவை. அந்த இடைவெளியில் வேறொருவர் நுழைந்துவிடுவார் என்பது எனக்கும் தெரியும். நுழையட்டும், ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும்.

கேளம்பாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாக வருகிறேன். மெட்ரோ பணி நடக்கும் இடங்களில் இரும்புத் தகடுகள் மீது வண்டி வழுக்குகிறது. டயரை மாற்ற வேண்டுமா?

டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானக் குறியாகச் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்திருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் ஈரமான இரும்புத் தகட்டில் புது டயரும் வழுக்கும். தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் பிரேக் பிடிக்காமலும், திரும்பாமலும், ஆக்சிலேட்டரைத் திருகாமலும் நேராகக் கடந்துவிடுங்கள். பாதாளச் சாக்கடை மூடிகளுக்கும் சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளுக்கும் இதுவே பொருந்தும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழவழப்பாகிவிடுவதால், முதல் அரை மணி நேரம் ஒதுங்கி நிற்பது நல்லது.

முடிச்சூர் பகுதியில் தேங்கிய மழைநீரில் வண்டி நின்றுபோனது. பலமுறை செல்ஃப் ஸ்டார்ட் செய்தும் கிளம்பவில்லை. மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். நம்பலாமா?

அவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது அமுங்காது. அந்த நிலையில் பிஸ்டனை வலுக்கட்டாயமாக மேலே தள்ளும்போது, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். நீங்கள் பட்டனை அழுத்திய ஒவ்வொரு முறையும் சேதம் கூடியிருக்கக்கூடும். பிரிப்பதற்கு முன், உங்கள் கண்ணெதிரே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவும், எஞ்சின் ஆயிலை வடித்துக் காட்டவும் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், நீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

இனி வண்டி நீரில் நின்றால், சாவியை அணைத்துவிட்டு மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது ஒன்றுதான் செய்யத்தக்கது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு கிடைக்குமா என்று கேளுங்கள். சாதாரணப் பாலிசிகள் நீர் புகுந்த எஞ்சினுக்குப் பெரும்பாலும் இழப்பீடு தருவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆயினும், சாலையின் ஓரம் எது, திறந்த கால்வாய் எது என்று தெரியாத நீரில் வண்டியை இறக்காதீர்கள்.

அலுவலகம் போகும் வழியில் மூன்று வயது மகளை மழலையர் பள்ளியில் விடுகிறேன். பெட்ரோல் டேங்க் மீது உட்காரவைப்பது சரியா?

சரியன்று. திடீரென்று பிரேக் பிடித்தால், குழந்தைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் தடுப்பாக எதுவும் இல்லை. உங்கள் உடலின் எடையும் அவள் மீதே சாயும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கு ஹெல்மெட்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் 2023 பிப்ரவரி முதல் விதிப்படி கட்டாயம். பெரியவர்களின் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டாதீர்கள். தளர்ந்த ஹெல்மெட் விழும் கணத்தில் கழன்று ஓடிவிடும்.

ஹெல்மெட் அணிந்தால் முடி கொட்டுகிறது, கழுத்து வலிக்கிறது. அரை ஹெல்மெட் போதாதா?

போதாது, தாடையும் முகமும் திறந்தே கிடக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் உள்ள முழு முக ஹெல்மெட்டை, தலையின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். அளவு பிசகிய ஹெல்மெட்தான் பெரும்பாலும் கழுத்தைப் படுத்துகிறது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, உள்ளுறையை வாரந்தோறும் துவைத்தால் வியர்வைத் தொல்லை குறையும். முடி அதன் பிறகும் கொட்டினால், ஹெல்மெட்டைக் குறை சொல்லாமல் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆவடியிலிருந்து அண்ணா சாலை வரை தினமும் ஓட்டுகிறேன். வீடு திரும்பும்போது வலக்கை விரல்கள் மரத்துப்போகின்றன. வண்டியில் கோளாறா, கையிலா?

பெரும்பாலும் பிடியில்தான். நெரிசலில் பதற்றமாக ஓட்டுகிறவர்கள் தம்மையறியாமல் ஆக்சிலேட்டரை இறுகப் பற்றி, உடலின் எடையை மணிக்கட்டின் மேல் போட்டுவிடுகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது தோள்களைத் தளர்த்தி, விரல்களை விரித்து மடக்குங்கள். ஓட்டும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும். ஹேண்டில்பார் அதிர்கிறதென்றால், கைப்பிடி ரப்பர், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், சங்கிலியின் தொய்வு ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் செய்த பின்னும், வண்டி ஓட்டாத இரவுகளில்கூட விரல் மரத்து விழிப்பு வருமானால், மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்கு உள்ளாகியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடாமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.