ரோபோவை யாராவது தூக்கினா ஷாக் அடிக்கலாமா?

கேள்வி: சார், கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ரிமோட்ல ஓடுற கண்காணிப்பு ரோபோ பண்றோம். ஈஎஸ்பி32 கேமரா (வைஃபை உள்ள சின்ன கேமரா போர்டு), நாலு மோட்டார், அதை ஓட்டுற எல்298என் டிரைவர் போர்டு. தற்காப்புக்காக, யாராவது தூக்கினா லேசா ஷாக் அடிக்கிற மாதிரி வைக்கலாம்னு இருக்கோம். எப்படி டெஸ்ட் பண்றது?

பதில்: ஷாக் வேணவே வேணாம் தம்பி. தூக்குறது திருடனாத்தான் இருக்கணுமா? கவுந்து கிடக்கேன்னு நிமித்தி வைக்க வந்த குழந்தையா இருக்கலாம், பேஸ்மேக்கர் வச்சவரா இருக்கலாம், ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்கிற உங்க டீம் ஆளாவே இருக்கலாம், சென்சாருக்கு எல்லாரும் ஒண்ணுதான். சரி நாங்க பாத்துட்டு பட்டன் அழுத்துறோம்னு சொல்வீங்க, வீடியோ அரை செகண்ட் லேட்டா வந்தா செகண்டுக்கு ஒரு மீட்டர் ஓடுற வண்டி ஸ்க்ரீன்ல தெரியுற இடத்தைத் தாண்டி அரை மீட்டர் போயிருக்கும், அதை நம்பியா?

தற்காப்புன்னா கத்தணும், லைட் அடிக்கணும், பின்வாங்கணும், அவ்ளோதான். எம்பியு6050 சென்சார் ஒண்ணு போட்டா தூக்குறதும் சாயுறதும் தெரிஞ்சிடும், உடனே சைரன் அடிச்சு படத்தை உங்க போனுக்கு அனுப்பிடணும். மெமரி கார்டுல மட்டும் வச்சீங்கன்னா திருடன் படமும் திருடனோடயே போயிடும்.

டெஸ்ட்டுக்கு வர்றேன். முதல்ல சக்கரம் தரையில படாம ஸ்டாண்டுல ஏத்தி, ஃபுல் ஸ்பீடுல ஓடும்போது ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. உடனே நிக்கலைன்னா உங்க ப்ரோக்ராம் கடைசியா வந்த கட்டளையையே பிடிச்சிட்டு ஓடுதுன்னு அர்த்தம், அதைச் சரிபண்ணாம தரையில விடாதீங்க. அடுத்து சக்கரத்தை ஒரு செகண்ட் மட்டும் அழுத்திப் பிடிங்க, அப்ப கரண்ட் பல மடங்கு ஏறும், வோல்டேஜ் இறங்கி கேமரா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா கேமராவுக்குத் தனி வோல்டேஜ் ரெகுலேட்டர் போடுங்க. எல்298என் வேற தன் பங்குக்கு 2 வோல்ட் கிட்ட முழுங்கிடும், 7.4 வோல்ட் பேட்டரின்னா மோட்டாருக்கு என்ன மிஞ்சும்னு பாத்துக்கோங்க.

படிக்கட்டு ஓரத்துலயும் கண்டிப்பா ஓட்டிப் பாருங்க, கீழ பாக்குற சென்சார் இல்லன்னா ரிமோட்ல இருக்கிறவருக்குப் பள்ளம் தெரியவே தெரியாது. 2017ல வாஷிங்டன்ல ஒரு செக்யூரிட்டி ரோபோ நீரூற்றுக்குள்ள விழுந்து கிடந்துச்சு, இத்தனைக்கும் யாரும் அதை அடிக்கவே இல்ல.

கேள்வி: அதே மாதிரி ரோபோதான் சார், ராத்திரியில பாக்க இன்ஃப்ராரெட் எல்ஈடி போட்டேன், ஒண்ணும் தெரியல?

பதில்: சாதாரண கேமரா லென்ஸ்ல இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஃபில்டர் இருக்கும், அது இல்லாத கேமரா மாத்துங்க. எல்ஈடி 850 நானோமீட்டர்னா லேசா சிவப்பா தெரியும், 940னா கண்ணுக்குத் தெரியாது, ஆனா படம் கொஞ்சம் மங்கலா வரும்.