வாசகர் கேள்வி – பதில்: அரப்பள்ளிக்குப் போகுமுன்

கேள்வி: குடும்பத்துடன் கன்னியாகுமரிக்குச் செல்லும்போது, தக்கலை அருகே திருவிதாங்கோட்டில் உள்ள பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தையும் பார்க்க விரும்புகிறோம். நாங்கள் கத்தோலிக்கர்கள். அங்கே பூசையில் நற்கருணை வாங்கலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அரப்பள்ளி எனப்படும் அந்தத் தேவாலயத்தில் பூசை காணத் தடையில்லை, நற்கருணை மட்டும் வாங்க வேண்டாம். 1653-இல் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், போர்த்துகீசிய சேசு சபையாருக்குப் பணிவதில்லை என்று கேரளக் கிறிஸ்தவர்கள் எடுத்த கூனன் குரிசு சத்தியத்துக்குப் பின் உரோமையின் ஆளுகையை ஏற்காமல் தனிவழி சென்ற மரபினர் இவர்கள் என்பதால், பிற சபையாருக்கு நற்கருணை வழங்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. மற்றவர்கள் முன்னே செல்லும்போது நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

செருப்பை வெளியே விடுவதும் பெண்கள் முக்காடிடுவதும் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் நிற்பார்கள். குர்பானா என்று அவர்கள் சொல்லும் பூசையின் பெரும்பகுதியை நின்றபடியே காண வேண்டியிருக்கும். சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, அங்கே தேடாதீர்கள். பீடத்துக்கு முன் தொங்கும் திரை வழிபாட்டின் நடுவே மூடப்பட்டு மீண்டும் திறக்கும். மூடியதைக் கண்டு பூசை முடிந்துவிட்டதென்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். திரைக்கு அப்பால் பீடம் உள்ள பகுதியான மத்பகாவுக்குள் நுழையக் கூடாது. படம் எடுப்பதாயின் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இயேசுவின் சீடரான புனித தோமா கி.பி. 63-இல் இத்தேவாலயத்தை நிறுவினார் என்பது அவ்வூர் மரபு. அதனை வரலாற்றுச் சான்றாக அன்றி, நம்பிக்கையாகவே நான் கொள்வேன். மலையாள வழக்கில் பள்ளி என்றால் தேவாலயம்; தோமா நிறுவிய ஏழு பள்ளிகளோடு இது அரைப் பள்ளி என்பர் சிலர். அரசன் பள்ளியே அரப்பள்ளி ஆயிற்று என்பர் வேறு சிலர். வழி கேட்கும்போது வெறுமனே ‘பள்ளி’ என்றால், கீழக்கரையைப் போலவே அங்கும் பள்ளிவாசலைக் காட்டிவிடுவார்கள். ‘அரப்பள்ளி’ என்றே கேளுங்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவரைக் கண்டு பழகிய உங்களுக்கு, இந்தச் சிறிய கட்டடத்தின் கருங்கல் சுவர் வேறொரு அனுபவமாக இருக்கும். அருகில் நின்று பார்த்தால் உளி பட்ட தழும்புகள் தெரியும். ஓரியூரில் மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-இல் உயிர்விட்ட இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிவருவது போல இங்கிருந்து எடுத்துவர எதுவும் இல்லை.

குர்பானா நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு ஞாயிறு காலையில் செல்வது நல்லது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் அன்றே பார்த்துவிடலாம். திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை.