885 புள்ளிகள் மட்டுமே எடுத்த பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கை ஸ்வீடனின் தலைசிறந்த ஐஸ் ஹாக்கி முன்கள வீரர் என்று ஏன் சொல்கிறார்கள்?

கேள்வியில் இருக்கும் கணக்கு சரிதான். அமெரிக்கா, கனடாவின் என்.எச்.எல். லீக்கில் இன்னொரு ஸ்வீடன் முன்கள வீரரான மாட்ஸ் சுந்தின் 1349 புள்ளிகள் எடுத்தார், ஃபோர்ஸ்பெர்க் எடுத்தது 885. ஆனால் சுந்தின் ஆடியது 1346 ஆட்டங்கள். ஃபோர்ஸ்பெர்க் ஆடியது 708. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் சுந்தினுக்கு ஒன்று, ஃபோர்ஸ்பெர்க்குக்கு 1.25. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் ஃபோர்ஸ்பெர்க்குக்கு 151 ஆட்டங்களில் 171 புள்ளிகள். நெருக்கடியான ஆட்டங்களிலும் கை தளரவில்லை.

ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்களுக்கு: கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அந்தக் கோலுக்குக் கடைசியாகப் பக்கை (ஆடப் பயன்படும் ரப்பர் வட்டை) கொடுத்த இருவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு அசிஸ்ட், அதுவும் ஒரு புள்ளி. ஃபோர்ஸ்பெர்க்கின் 885-இல் கோல் 249, அசிஸ்ட் 636. அவர் அடிப்படையில் கொடுத்து ஆடும் வீரர். கோல் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் பெருமை பிடிபடாது.

1973-இல் வட ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சிறு நகரில் பிறந்தவர். அப்பா கென்ட் பயிற்சியாளர், பின்னாளில் ஸ்வீடன் தேசிய அணிக்கும் பயிற்சியாளரானார். ஊர் அணி மூடோ. 1991 டிராப்டில், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், ஃபிலடெல்ஃபியா அணி இவரை 6-ஆவதாக எடுத்தது. அடுத்த ஆண்டே, எரிக் லிண்ட்ரோஸ் என்ற ஒருவருக்காகப் பல வீரர்கள், டிராப்ட் உரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர் என்று கியூபெக் அணிக்குக் கொட்டிக் கொடுத்த பேரத்தில் இவரும் போனார். அந்த அணி 1995-இல் கொலராடோவின் டென்வருக்கு இடம்பெயர்ந்து 1996-இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

1993 ஜூனியர் உலகப் போட்டியில் 7 ஆட்டங்களில் 31 புள்ளிகள் எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். சாதனைதான். ஆனால் அதில் 10 புள்ளிகள் ஸ்வீடன் 20–1 என்று ஜப்பானை நொறுக்கிய ஒரே ஆட்டத்தில் வந்தவை. அவரை எடைபோட அது சரியான இடம் இல்லை. 2002–03 பருவம்தான் சரியான இடம். 75 ஆட்டங்களில் 106 புள்ளிகள், அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் கோப்பை, லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை இரண்டும். புள்ளிப் பட்டியலில் அவர் கடைசி நாளில் முந்தியது யாரை? மூடோவில் கூடவே வளர்ந்த மார்க்கஸ் நாஸ்லண்டை. அவருக்கு 104.

அந்தப் பருவத்தில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் பதில் இருக்கிறது. பக்கோடு ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகை ஓரத்துக்குப் போவார். துரத்தி வரும் தடுப்பாட்டக்காரருக்கு முதுகைக் காட்டி, முழங்காலை நன்றாக மடித்து, பக்கை உடம்புக்கு அந்தப் பக்கம் கை நீட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் இந்த இடத்தில் மோதலைத் தாங்கத்தான் தயாராவார்கள். இவர் எதிராளி மோதுவதற்கு ஒரு கணம் முன்னால் தன் தோளையோ இடுப்பையோ அவர் மீது செலுத்திவிடுவார். மோத வந்தவர் தடுமாறுவார். சுமார் 93 கிலோ உடம்பு, பிரம்மாண்டமான ஆள் ஒன்றும் இல்லை. தாழ்ந்த நிலையும் நேரக் கணிப்பும்தான் வேலை செய்தன. தடுமாறிய ஒருவரைப் பார்த்து இன்னொருவரும் உதவிக்கு ஓடி வருவார். அங்கேதான் எதிரணியின் கதை முடியும்: இரண்டு பேர் ஓரத்தில் சிக்கிக்கொள்ள, சக வீரர் மிலன் ஹெய்டுக் கோல்முன் தனியாக நிற்பார். பக் அவர் மட்டைக்குப் போய்விடும். ஹெய்டுக் அந்தப் பருவத்தில் சரியாக 50 கோல் அடித்தார்.

இனி 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் கோல். கனடாவுடன் இறுதி ஆட்டம் 2–2, கோல்கீப்பரை ஒருவர் மட்டும் தனியாக எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டின் முதல் ஐந்து முயற்சிகளும் சமன். அதன்பின் ஃபோர்ஸ்பெர்க் கோல் போட்டார், கனடாவின் பால் கரியாவின் முயற்சியை ஸ்வீடன் கோல்கீப்பர் டாமி சாலோ தடுத்தார். ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கோலை 1995-இல் தபால்தலையாகவே வெளியிட்டார்கள். உத்தி அவர் கண்டுபிடித்ததல்ல. 1989 உலகப் போட்டியில் ஸ்வீடன் வீரர் கென்ட் நில்சன் செய்ததைப் பார்த்துக் கற்றது.

செய்முறை இப்படி. ஃபோர்ஸ்பெர்க் இடப்பக்கம் அடிப்பவர், அதனால் மட்டையின் மேல்முனை வலக்கையில். வேகமாக வந்து பக்கைத் தன் இடப்பக்கம் இழுத்துச் செல்கிறார், சாதாரண முன்கை அடி வரப்போவது போல. கனடா கோல்கீப்பர் கோரி ஹிர்ஷ் அதே திசையில் வழுக்கிப் போகிறார். அவருடைய எடை முழுதும் அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில் இடக்கையை விட்டுவிட்டு, வலக்கையை மட்டும் முழுதாக நீட்டி, மட்டையின் பின்புறத்தால் பக்கை எதிர்ப்பக்கக் காலி வலைக்குள் தள்ளுகிறார்.

பழகுபவர்கள் தோற்கும் இடங்கள் எப்போதும் அவையேதான். வேகம் போதாவிட்டால் கோல்கீப்பர் நகரவே வேண்டியதில்லை, நின்றே தடுத்துவிடுவார். கையைத் தாமதமாக விட்டால் கோணம் குறுகி, பக் கம்பத்துக்கு வெளியே போகும். ஒற்றைக் கையால் 160 கிராம் அளவு எடையுள்ள பக்கைத் தரையிலிருந்து தூக்க முடியாது. அதனால் கோல்கீப்பரின் கால் காப்பு பின்னால் நீண்டு கிடந்தால் அதிலேயே முட்டி நின்றுவிடும். முதல் இழுப்பு உண்மையான அடி போலவே இருக்க வேண்டும், தலையும் தோளும் சேர்ந்து போக வேண்டும். மட்டையை மட்டும் ஆட்டினால் நல்ல கோல்கீப்பர் ஏமாற மாட்டார்.

ஆட்டங்கள் ஏன் 708-இல் நின்றன? 2001 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிரான தொடர் முடிந்த இரவே மண்ணீரல் கிழிந்து அவசர அறுவை. அந்த ஆண்டு அணி வென்ற கோப்பையின் மீதி ஆட்டங்கள் எதிலும் அவர் இல்லை. அடுத்த பருவத்தில் பிளே-ஆஃபுக்கு முந்தைய ஆட்டங்கள் எதிலும் ஆடவில்லை. நேராக 2002 பிளே-ஆஃபுக்கு வந்து 20 ஆட்டங்களில் 27 புள்ளிகள் எடுத்தார், அந்த ஆண்டு பிளே-ஆஃபில் அதுவே அதிகம். ஓராண்டு ஆடாமல் வந்து இதைச் செய்வது என்பதை நினைக்க நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

மண்ணீரல் போனாலும் ஆட முடிந்தது. கால்தான் விடவில்லை. ஸ்கேட்டின் கத்தி ஏறத்தாழ 3 மி.மீ. கனம். நடுவில் குழிவு, இருபக்கமும் ஓரம். உந்துவதும் திரும்புவதும் அந்த உள்ஓரத்தில்தான். ஃபோர்ஸ்பெர்க்கின் வலது பாதம் பூட்ஸுக்குள் நேராக உட்காராமல் சாய்ந்தது. பாதம் சாய்ந்தால் உள்ஓரம் பனியைப் பிடிக்காது. அந்தக் குறையை ஈடுகட்ட இடுப்பும் தொடை இடுக்கும் அதிகம் உழைக்க, அங்கேயும் காயம் வரும். அறுவைகள், விதவிதமான பூட்ஸ்கள், காப்புகள் எல்லாம் பார்த்தார். மேலே சொன்ன அந்தத் தாழ்ந்த நிலை முழுக்கப் பாதத்தின் மேல் நிற்பது. எனவே போனது வேகம் மட்டுமில்லை, அவருடைய தனித்திறனும் கூடத்தான். ஆனாலும் 2006 டுரின் ஒலிம்பிக்கில் இரண்டாவது தங்கம் வந்தது. 2008-இல் கொலராடோவுக்குத் திரும்பி 9 ஆட்டங்களில் 14 புள்ளிகள். 2011 பிப்ரவரியில் கடைசி முயற்சியாக இரண்டு ஆட்டங்கள், புள்ளி எதுவும் இல்லை, அந்த வாரமே ஓய்வு. 2014-இல் ஐஸ் ஹாக்கியின் மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

காணொளி தேடுபவர்கள் தபால்தலைக் கோலைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். 1996 இறுதித் தொடரில் ஃப்ளோரிடாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தைத் தேடுங்கள், முதல் பகுதியிலேயே மூன்று கோல். அதற்குப் பின் 2002–03 ஆட்டம் ஏதாவது ஒன்று. அதில் பக் பலகை ஓரத்தில் இருக்கும்போது பக்கைப் பார்க்காமல் 21-ஆம் எண் அணிந்த ஃபோர்ஸ்பெர்க்கின் இடுப்பைப் பாருங்கள்.