காட்டுத்தீ பயம்: ஆடு விட்டால் குறையுமா?

கேள்வி: காட்டை ஒட்டி ஐந்து ஏக்கர் நிலம், நடுவில் வீடு. கோடையில் புல் காய்ந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. ஆடு விட்டால் தீ பயம் குறையுமா? வெள்ளாடா, செம்மறியா?

பதில்: குறையும். ஆனால் பத்து ஆட்டை அவிழ்த்துவிட்டு வருஷம் முழுக்கச் சுற்றவிட்டால் குறையாது. இடம் தாராளமாக இருந்தால் ஆடு பிடித்த கொழுந்தை மட்டும் பொறுக்கித் தின்னும். தீக்குத் தோதான புதர் அப்படியே நிற்கும். நிலத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, இடம் மாற்றக்கூடிய மின்வேலி கட்டி, நிறைய ஆடுகளைச் சில நாள் மட்டும் அடைத்து மேய்த்து, அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். ஸ்பெயினின் அந்தலூசியாவில் தீத்தடுப்புப் பாதைகளை மேய்த்து வைக்க மேய்ப்பர்களுக்கு அரசே பணம் கொடுக்கிறது.

செம்மறி குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு தழை தேடும். பின்னங்காலில் நின்று, முன்னங்காலைக் கிளையில் ஊன்றி, ஆறடி உயரம் வரை இலையை உருவிவிடும். உங்களுக்கு முக்கியம் இதுதான். தரையில் பற்றும் தீ புதரில் ஏறி, தாழ்ந்த கிளையைப் பிடித்துத்தான் மர உச்சிக்குப் போகிறது. உச்சிக்குப் போய்விட்டால் அணைப்பது மிகவும் கடினம். அந்த ஏணியை வெள்ளாடு முறித்துவிடும். புல்லும் நிறைய இருந்தால் இரண்டையும் கலந்து விடுங்கள்.

புல் பச்சையாக இருக்கும்போதே, விதை முற்றுவதற்குள் மேய்த்துவிடுங்கள். ரொம்ப முன்னாலேயே மேய்த்தால் ஈரத்தில் மறுபடி தழைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு சத்திருக்காது, ஆடு இளைத்துப்போகும். புதர் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதனால் ஒரு வருஷத்தோடு நிறுத்தாதீர்கள்.

எப்போது வெளியேற்றுவது? மரப்பட்டையைக் கடிக்கத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதம். புல் மூன்று அங்குலம் நிற்கும்போதே மாற்றுங்கள். மண் தெரியும்வரை விட்டால் சரிவில் மண் அரிக்கும். அந்த வெற்றிடத்தில் சீக்கிரம் காய்ந்து பற்றும் களைகள் புகுந்துவிடும். இளமரங்களுக்குக் கம்பிவலை கட்டுங்கள். அரளி, உண்ணிச்செடி இரண்டும் ஆட்டுக்கு விஷம். முதலிலேயே வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

காய்ந்த சருகும் பட்ட மரமும் ஆட்டின் வேலை இல்லை. வீட்டைச் சுற்றியும் கூரையிலும் சேர்ந்ததை நீங்கள்தான் கூட்டி அள்ள வேண்டும்.

ஐந்து ஏக்கருக்காக ஆடு வாங்க வேண்டாம் என்பேன். மந்தை வைத்திருப்பவரிடம் பேசுங்கள். தண்ணீர் யார் பொறுப்பு, நாய் கடித்தால் நஷ்டம் யாருக்கு, தீ வந்தால் ஆடுகளை எந்த வழியாக ஓட்டுவது, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.