தலைவர் பதவிக்கு நிற்கலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் இராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 21. ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருக்கிற துண்டுக் காணியில் லீக்ஸ், கரட் போடுகிறார். நானும் அவரோடு சேர்ந்து செய்கிறேன்.

எங்கள் டிவிஷனில் இளம் விவசாயிகள் கழகம் ஒன்று இருக்கிறது. நாற்பது பேர் அளவில் உறுப்பினர்கள், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். நான் உப செயலாளர். போன வருடம் எல்லோரிடமும் காசு சேர்த்துக் கரட் விதை மொத்தமாக வாங்கினோம். அந்தக் கணக்கை நான்தான் வைத்தேன்.

அடுத்த மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டம். தலைவர் பதவிக்கு நிற்க ஆசை. ஆனால் தோட்டத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே ஒரு அண்ணனைப் பேசி வைத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவருடைய மகன். கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் உதவி செய்கிறவர்தான். “நீ நல்லா எழுதுற, செயலாளரா இரு. தலைவருன்னா நாலு எடத்துக்குப் போகணும், பொம்பளப் புள்ளைக்கு அது சரிவராது. போட்டி வச்சா லயத்துக்குள்ள பிரிவினைதான் வரும்” என்கிறார்கள். அம்மாவும் பயப்படுகிறார். எனக்கோ மைக்கைப் பிடித்தாலே கை நடுங்கும். நான் நிற்கலாமா அக்கா? நின்றால் என்ன பேசுவது? ஒரு பேச்சு எழுதித் தருவீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

– இராகலையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நில்லுங்கள். தலைவர் பதவிக்கே நில்லுங்கள்.

பெரியவர்கள் பிரிவினை என்று சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது வெறும் சாக்கு இல்லை. சங்கப் போட்டியால் கோயில் திருவிழா இரண்டாகப் போன தோட்டங்கள் நம் மலையில் உண்டு. லயத்தில் எதிரெதிர் காம்பராக்காரர்கள் (அறைக்காரர்கள்) வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் போட்டி என்றதும் பதறுவது நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டைகள் ஓட்டுப் போட்டதாலா வந்தன? யாருக்குப் பதவி என்பதை நாலு பேர் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, மற்றவர்களைக் கை தட்ட மட்டும் கூப்பிட்டதால் வந்த கசப்புத்தான் அதில் பெரும்பகுதி. எல்லோரும் அறிய ஓட்டு எண்ணித் தோற்றவருக்கு வருத்தம் இருக்கும். தன்னைக் கேட்கவே இல்லை என்ற கோபம் இருக்காது.

நம் தோட்டங்களில் தலைமை எப்போதும் மேலே இருந்துதான் இறங்கி வந்திருக்கிறது. கங்காணி காலத்தில் வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்தவரே தலைவர். பிறகு சங்கம் வந்தது. சங்கத்தால் நமக்குக் கிடைத்தவற்றை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் பல தோட்டங்களில் தலைவர் பொறுப்பு அப்பாவிடம் இருந்து மகனுக்கும், மாமாவிடம் இருந்து மருமகனுக்கும் கை மாறியது. மலையில் கூடையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தாவும் அவர்கள் சம்பளத்தில் இருந்துதான் போகிறது. தலைவர் நாற்காலியில் மட்டும் ஆம்பிளை. பெண்களுக்கென்று மாதர் தலைவி என ஒரு பதவியைத் தனியாக வைத்துவிட்டார்கள், அதோடு கதை முடிந்தது. உங்களைச் “செயலாளரா இரு” என்பவர்களும் பகையில் சொல்லவில்லை. அவர்கள் கண்டு பழகிய ஏற்பாடு அது, அவ்வளவுதான்.

இலங்கையில் 1931இல் ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தபோது நம் தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினருக்கும் அது கிடைத்தது. 1947 தேர்தலில் மலையகத்தில் இருந்து நம்மவர்கள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, நம்மில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஓட்டில்லாதவர்களாக ஆனார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி தீர 1988, 2003 சட்டங்கள் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பாயியிடம் கேட்டுப் பாருங்கள், முதல் ஓட்டு எந்த வயதில் போட்டார் என்று. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிற ஒரு கழகத்தில்கூட, ஓட்டு வேண்டாம், பேசி முடித்துவிடலாம் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொரு விஷயம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதே தேர்தலையொட்டி நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய சபைகளும் வந்தன. ஆசனம் வந்தது, இடமும் வந்தது. கட்சிக்காரர்களோ கடைசி நேரத்தில் பெண் பெயர் தேடி லயம் லயமாக அலைந்தார்கள். கிடைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஒரு கூட்டத்துக்கும் தலைமை தாங்காதவர்கள். சபைக்குள் போய் வாய் திறக்க முடியாமல் திணறியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பழகிக்கொள்ள ஓர் இடம் இருந்ததா? உங்கள் கழகம் மாதிரியான இடங்களில்தான் அதைப் பழக முடியும். யாப்பை (கழக விதிகளை)ப் படிப்பது, நிகழ்ச்சி நிரல் போடுவது, குறுக்கே கத்துகிறவரை உட்கார வைப்பது, தனக்குப் பிடிக்காத தீர்மானம் நிறைவேறினாலும் அதன்படி வேலை செய்வது, எல்லாம் இங்கேதான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாய அமைப்பு 1928இல் தொடங்கியது. பெண்பிள்ளைகளைத் தேசிய அளவில் உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1969இல்தான். அதற்குப் பிறகு 1982இல் ஒரு பெண் அதன் தேசியத் தலைவரானார். உள்ளே விட நாற்பது வருடம் எடுத்தது. உள்ளே போனவர்கள் மேலே வர அவ்வளவு காலம் ஆகவில்லை. உங்கள் கழகத்திலோ பாதிக்கு மேல் ஏற்கெனவே பெண்பிள்ளைகள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கூட்டத்துக்கு முன்பே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இரகசிய வாக்கெடுப்பு. ஒருவர் பிரேரித்து, இன்னொருவர் ஆமோதித்து, எல்லோரும் கை தூக்கினால் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சங்கத் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய மகனுக்கு எதிராக எத்தனை பிள்ளைகள் கை தூக்குவார்கள்? வீட்டுக் கூரைத் தகரத்தில் இருந்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு வரைக்கும் அப்பா அம்மாவுக்கு அவரிடம் காரியம் இருக்கும். அந்தப் பிள்ளைகளைக் கோழைகள் என்று சொல்ல முடியாது. துண்டுக் காகிதம், ஒரு பெட்டி, எண்ணுவதற்குத் தோட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர், இது போதும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள், அவருக்கு இது புதிதாக இருக்காது. அந்த அண்ணனிடமும் முதலிலேயே நேரில் போய்ச் சொல்லுங்கள்: “நானும் நிற்கப் போறேன் அண்ணே. யார் தோத்தாலும் நிர்வாக சபையில இருந்து வேலை செய்வோம்.” நீங்கள் சொல்கிறபடி அவர் நல்லவர் என்றால் இதை ஏற்றுக்கொள்வார். பெரியவர்களின் பிரிவினைப் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பேச்சு எழுதித் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எழுதினால் அதில் என் குரல்தான் இருக்கும், உங்களைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களிடம் அதைவிடப் பெரிய பொருள் இருக்கிறது: அந்த விதைக் கணக்குப் புத்தகம். மைக்கைப் பிடிக்கும்போது அந்தப் புத்தகத்தை மற்றக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எவ்வளவு சேர்த்தோம், தனித்தனியாகக் கடையில் வாங்கியிருந்தால் எவ்வளவு போயிருக்கும், மொத்தமாக வாங்கியதில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சம், மீதிக் காசு எங்கே இருக்கிறது. இதை வாசியுங்கள். நம் ஊர்களில் சங்கமோ கமிட்டியோ உடைந்தால் பல இடங்களில் காரணம் காசுக் கணக்குத்தான். கணக்கை வாய்விட்டு வாசிக்கிற ஒருவரை மக்கள் மறக்கமாட்டார்கள்.

பிறகு, வருகிற வருடத்தில் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். கையில் முடிகிறதை மட்டும். நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்திலும் தம்புள்ளையிலும் அன்றைக்குக் கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) என்ன விலை போகிறது என்று காலையில் வட்ஸ்அப் குழுவில் போடுவது ஒன்று. விலை தெரியாமல் லொறிக்காரரிடம் மூட்டையைக் கொடுக்கிறவருக்கும் தெரிந்து கொடுக்கிறவருக்கும் கிடைக்கிற காசு ஒன்றாக இருக்காது. கழகத்துக்கென்று ஒரு தராசு வாங்குவது இன்னொன்று. மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று லொறிக்காரர்கள் வெட்டும்போது, நம் நிறை நமக்குத் தெரிந்திருந்தால்தான் வாய் பேச முடியும். சீத்தாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நாள் எல்லோரும் போய், உருளைக்கிழங்கு விதைக்கிழங்கைப் பற்றி நேரில் கேட்டு வரலாம். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, அதே வருட நவம்பரில் திரும்ப அனுமதித்தார்களே, அந்த ஏழு மாதத்தில் உங்கள் அப்பா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அப்படி ஏதாவது வந்தால் தனித்தனியாகத் தவிப்பதற்குப் பதிலாக, கூட்டெரு எப்படிச் செய்வது, எந்தப் பயிரைக் குறைப்பது என்று சேர்ந்து யோசிக்க ஒரு கழகமாவது இருக்கட்டும்.

காணி வாங்கித் தருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அப்பா பயிர் செய்கிற துண்டுக்கு உறுதிப் பத்திரம் இருக்காது என்றே நினைக்கிறேன். நம்மில் பலர் விவசாயம் செய்தும் காகிதத்தில் விவசாயி இல்லை. விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் போய் நின்றால் முதல் கேள்வியே காணி யாருடையது என்பதுதான். மானியம், காப்புறுதி எல்லாம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு டிவிஷன் கழகத்தால் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் யார் யார் எத்தனை பேர்ச் அளவு நிலத்தில் எத்தனை வருடமாக என்ன பயிரிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க முடியும். அதைக் கழகக் கடிதத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, பிரதேச செயலகத்துக்கும் கமநல நிலையத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வரலாம். தலைவராக வந்தால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

கை நடுங்குவது பற்றி. நடுங்கட்டும். 1930களில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார். பேச்சு என்றால் விலகிப் போகிறவர்களும் பாட்டு என்றால் நின்று கேட்டார்கள். தனக்கு எது வருமோ அதைக் கொண்டு அவர் மேடை ஏறினார். உங்களுக்குக் கணக்கு வருகிறது, அதைக் கொண்டு ஏறுங்கள். மூன்று நிமிடம் போதும். முதல் நாள் இரவு அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாவின் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். நாலு இடத்துக்குப் போகணும் என்பதில் ஒரு உண்மை இருக்கிறது. நுவரெலியாவில் கூட்டம் நாலு மணிக்கு முடிந்தால், பஸ் பிடித்துக் கந்தப்பளை தாண்டி இராகலை வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறும்போது இருட்டிவிடும். மழை மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காகப் பதவியை விட வேண்டுமா? கூட்டத்தைக் காலையில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். வெளிக் கூட்டத்துக்குக் கழகத்தில் இருந்து எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும், பயணச் செலவு கழகக் காசில் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளையின் அம்மாவுக்கும் நிம்மதி.

தோற்றுப் போகலாம். பெரியவர்கள் ஒருவருக்காகச் சொல்லிவிட்டால் நாற்பது ஓட்டில் அது பெரிய பலம். பதினைந்து ஓட்டு வாங்கினாலும், ஒரு பெண்பிள்ளைக்காகத் தனியாகக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்ட பதினைந்து பேர் உங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அவர்களை விட்டுவிடாமல் அடுத்த விதைக் கொள்முதலைத் தொடங்குங்கள். ஒருவேளை வென்றால், தோற்ற அண்ணனிடம் முதலில் போய் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அவருக்கு லொறிக்காரர்களைத் தெரிந்திருக்கும், தராசு விஷயத்தை அவரே பார்க்கட்டும்.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாப்பில் வேட்புமனு எப்போது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டால் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, திகதி போட்டு, பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிரேரிக்க ஒருவர், ஆமோதிக்க ஒருவர் வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் ஆண்பிள்ளையாக இருந்தால் நல்லது. இரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா