பெரிய மேக்னம் தோட்டாக்களுக்கு எந்த வெடிமருந்து? – கேள்வி பதில்

பெரிய மேக்னம் ரைஃபிள்களுக்கு (வழக்கத்தைவிட அதிக மருந்து பிடிக்கும் தோட்டா போடுபவை) சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் கேட்டவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறிய எடையளவு) போடுவது என்று எங்கேயும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் புல்லட்டுக்கென மருந்து தயாரிப்பாளரோ புல்லட் தயாரிப்பாளரோ வெளியிட்ட அட்டவணையிலிருந்துதான் வரவேண்டும். எந்த மருந்து, ஏன் என்பதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வார்கெட் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறேன். இப்போது .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கியிருக்கிறேன். அதே மருந்து போதாதா?

சுடும், ஆனால் மேக்னம் வாங்கியதன் பயன் கிடைக்காது. .308 கேஸில், அதாவது மருந்து நிரப்பும் கூட்டில், சுமார் 56 கிரெயின் எடைத் தண்ணீர் பிடிக்கும், .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 90 கிரெயினுக்கு மேல். குழலின் துளையோ இரண்டுக்கும் ஒன்றுதான். அண்டாவுக்குச் செம்பின் வாய் வைத்த மாதிரி. சீக்கிரம் எரிகிற மருந்தை அதில் போட்டால், புல்லட் கொஞ்சம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதனால் அளவைக் குறைத்தே போட முடியும், வேகமும் குறையும்.

மெதுவாக எரியும் மருந்து அப்படியில்லை. அது வாயுவாக மாறிக்கொண்டிருக்கும்போதே புல்லட் முன்னே போய் இடம் விடுகிறது. அதனால் அதே அழுத்த எல்லைக்குள் அதிக மருந்து போடலாம், அது புல்லட்டை அதிக நேரம் தள்ளும். அமெரிக்கத் தர அமைப்பான சாமி .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. எந்த மருந்து போட்டாலும் அந்தக் கூரை உயராது. "மேக்னத்துக்கு ஸ்ட்ராங்கான மருந்து வேண்டும்" என்று சிலர் சொல்வது இதைக் கவனிக்காததால்தான். வேண்டியது நிதானமான மருந்து.

கேள்வி: அப்படியென்றால் இருப்பதிலேயே மிக மெதுவான மருந்தை வாங்கிவிடலாமே?

கூடாது. மெதுவுக்கும் அளவு உண்டு. ஹெச்50பிஎம்ஜி, யூஎஸ்869 போன்றவை .50 பிரவுனிங் மாதிரியான பெரிய கேஸ்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நடுத்தர மேக்னத்தில் அவற்றைப் போட்டால், கேஸ் கழுத்துவரை நிரம்பினாலும் போதிய அழுத்தம் எழாது. வேகம் குறையும், ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் வரும், எரியாத குருணைகள் குழலில் கிடக்கும்.

7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் வகைக்கு நான் முதலில் பார்ப்பது ஹெச்4831, ஹெச்1000, ஐஎம்ஆர் 7828, ரீலோடர் 22, விட்டாவூரி என்165 இவற்றைத்தான். .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னம், .338 லப்புவா மேக்னம் போன்ற இன்னும் பெரிய கேஸ்களுக்கு ரெட்டம்போ, ரீலோடர் 33, என்570 வரை போகலாம். ஒரே கேஸில் புல்லட்டின் எடை கூடக்கூட மெதுவான பக்கம் நகருங்கள். அட்டவணையில் நல்ல வேகம் காட்டி, கேஸையும் ஏறக்குறைய நிரப்புகிற மருந்து கிடைத்தால் அதிலேயே நில்லுங்கள். கேஸ் நிரம்பியிருந்தால் மருந்து உள்ளே முன்னும்பின்னும் சரியாது, பற்றுவதும் ஒரே சீராக இருக்கும்.

ஹெச்4831-க்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 20 மிமீ பீரங்கித் தோட்டாக்களுக்கான மருந்து மலைபோல் மிஞ்சியது. அதை வாங்கி ரீலோடிங் செய்பவர்களுக்கு விற்றவர் புரூஸ் ஹாட்ஜ்டன். பெரிய கேஸ் பிரியர்களுக்கு மலிவாக மெதுவான மருந்து கிடைத்தது அப்படித்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது .458 வின்செஸ்டர் மேக்னம். ரெட்டம்போ சரியா?

இல்லை. "மேக்னம்" என்ற பெயரைப் பார்க்காதீர்கள், கேஸின் கொள்ளளவையும் துளையின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். .458-இல் துளை அகலம், கேஸ் அதற்கேற்ற அளவில் பெரிதில்லை. புல்லட் நகர்ந்த உடனே இடம் வேகமாக விரிகிறது. அதனால் ஹெச்4895, ஐஎம்ஆர் 3031 போல ஓரளவு வேகமான மருந்துதான் பொருந்தும். 1956-இல் வந்த இந்தத் தோட்டாவின் தொடக்கக்காலத் தொழிற்சாலைத் தயாரிப்புகளில், இடம் போதாமல் அமுக்கி நிரப்பிய மருந்து கட்டி பிடித்துச் சரியாக எரியாமல் தொல்லை கொடுத்தது. 1912-இன் .375 ஹெச் அண்ட் ஹெச் நடுவில் நிற்கிறது, 4350 என்ற எண் கொண்ட மருந்து வகைகள் அதற்கு நன்றாக ஒத்துவரும்.

கேள்வி: என் குழல் 22 அங்குலம்தான். குட்டைக் குழலுக்கு வேகமான மருந்துதானே நல்லது?

பலர் நம்புவது, ஆனால் பெரும்பாலும் தவறு. அழுத்தம் உச்சத்தைத் தொடுவது புல்லட் நகரும் முதல் சில அங்குலங்களில். 26 அங்குலத்தில் அதிக வேகம் தரும் மருந்தே 22-இலும் அநேகமாக முன்னால் நிற்கும். தீச்சுவாலையும் சத்தமும் கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: எரிவேகப் பட்டியலில் என் மருந்துக்குப் பக்கத்தில் இருப்பதை அதே அளவில் போடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டியல் எது முன்னே, எது பின்னே என்று மட்டும் காட்டும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அதில் கிடையாது. கேஸ் மாறினால் வரிசையே மாறுவதும் உண்டு. பெயரும் ஏமாற்றும்: ஹெச்4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு, ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. புது மருந்து என்றால் அதன் சொந்த அட்டவணை, அதன் தொடக்க அளவு. முழுச் செம்பில் செய்த புல்லட்டுக்கும் இதே பேச்சுதான். ஈயம் உள்ள புல்லட்டைவிட அது நீளம், கேஸுக்குள் இடத்தை அடைக்கும்.

கேள்வி: உதைப்பு தாங்கவில்லை. மெதுவான மருந்தையே பாதியாகக் குறைத்துவிடலாமா?

இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: மெதுவான மருந்தை வெளியிட்ட தொடக்க அளவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். குறைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பெரிய கேஸில் மெதுவான மருந்து குறைவாகக் கிடக்கும்போது துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய சம்பவங்கள் உண்டு. தீ தயங்கிப் பற்ற, புல்லட் குழலில் சற்று நகர்ந்து நிற்க, பிறகு அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது என்பது ஒரு விளக்கம். காரணத்தை இன்னும் விவாதிக்கிறார்கள், விளைவில் விவாதம் இல்லை.

உதைப்புக் குறைவாகச் சுட வேண்டுமானால் அதற்கென வெளியிட்ட மருந்து இருக்கிறது. ஹெச்4895-க்கு அட்டவணை உள்ள தோட்டாக்களில், அதன் உச்ச அளவில் 60 சதவீதம் என்ற அளவு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே கூடாது என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அந்தச் சலுகை அந்த மருந்துக்கு மட்டும்தான்.

கேள்வி: மேக்னம் பிரைமர் கட்டாயமா?

பிரைமர் என்பது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, மேக்னம் பிரைமரின் தீ பலமானது. அட்டவணையில் எந்தப் பிரைமர் போட்டிருக்கிறதோ அதைப் போடுங்கள். பெரிய கேஸ்களில் அநேகமாக மேக்னமாகத்தான் இருக்கும், முக்கியமாக உருண்டைக் குருணை மருந்துகளுக்கு. அவற்றின் மேல்பூச்சு தீயைத் தாமதப்படுத்தும். பிரைமரை மாற்றினால் மறுபடி கீழிருந்து ஏறிவாருங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் தயாரித்த தோட்டா கோடையில் சுட்டதும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே பூட்டும் பாகம்) இறுகப் பிடிக்கிறது. ஏன்?

வெப்பம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். ஹெச்1000, ரெட்டம்போ போன்றவை இதில் நிதானம், ரீலோடர் 22 அதிகம் அலைபாயும். ஆனால் போல்ட் இறுகும் அளவுக்குப் போயிருந்தால் குளிரிலேயே விளிம்பில் இருந்திருக்கிறீர்கள். அந்தத் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிட்டு, அளவைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: சுட்ட பிறகும் பிரைமர் தட்டையாகவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா?

பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைப் படிப்பது ஜோசியம். போல்ட் இறுகுவது போன்ற அடையாளங்கள் பெரும்பாலும் எல்லையைத் தாண்டிய பிறகே தெரியும். புல்லட்டின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃப் கருவி வைத்து அளந்து பாருங்கள். அதே நீளக் குழலில் அட்டவணையின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டீர்களென்றால், உச்ச அளவு மருந்து இன்னும் போடவில்லை என்றாலும் அங்கேயே நிறுத்துங்கள். கூடுதல் வேகம் இலவசமாக வராது, கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும்.

கேள்வி: பழைய டப்பா ஒன்றில் மருந்து புளித்த நெடி அடிக்கிறது, செந்நிறத் தூசியும் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

கெட்டுவிட்டது. தோட்டாவில் போடாதீர்கள், வீட்டிலும் வைத்திருக்காதீர்கள். அப்புறம், லேபிள் கிழிந்து எந்த மருந்து என்று தெரியாத டப்பாவுக்கும் இதே பதில்தான்.