முதல் வாரம் கம்ப்யூட்டர் வேண்டாம்

கேள்வி: கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தண்ணீர் சிக்கனம் பற்றி ஏ3 போஸ்டர் செய்ய வேண்டும், மூன்று வாரம் அவகாசம். எப்போதும் முதல் நாளே இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். பத்து நாள் ஒரே லேஅவுட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் எனக்கே பிடிக்காமல் போகிறது. ரிவ்யூவில் "ப்ராசஸ் எங்கே?" என்கிறார்கள். போன முறை பிரிண்டில் நீலம் ஊதாவாக வந்தது. எங்கே தவறுகிறேன்?

பதில்: சாஃப்ட்வேரில் தவறில்லை, அதைத் திறக்கிற நாளில்தான் இருக்கிறது. திரையில் எதைப் போட்டாலும் விளிம்பு நேராகவும் நிறம் சீராகவும் இருக்கும், முடிந்த வேலை போலவே தெரியும். ஐடியா அரைகுறை என்றாலும் கைவிட மனம் வராது, அதற்கே மெருகேற்றிக்கொண்டிருப்பீர்கள். பேனாவில் இரண்டு நிமிடம் கிறுக்கியதைத் தூக்கிப்போட யாருக்கும் வலிக்காது. அதனால் 21 நாளில் முதல் 7 நாள் பேப்பரோடு இருங்கள்.

"தண்ணீர் சிக்கனம்" என்பது வெறும் தலைப்பு. அதை பிரீஃப் (வேலைக்கான தெளிவான குறிப்பு) ஆக்க, யார் பார்ப்பார்கள், எங்கே நின்று, எவ்வளவு தூரத்தில், பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "விடுதி வாஷ்பேசினில் பல் துலக்கும் மாணவர் ஒரு மீட்டருக்குள் நின்று பார்த்து, குழாயை மூட வேண்டும்" என்று எழுதியதுமே பாதி முடிவுகள் ஆகிவிடும். தூரத்தைக் கேட்பதற்குக் காரணம் எழுத்தின் அளவு. வசதியாகப் படிக்க, ஒரு மீட்டர் தூரத்துக்குச் சுமார் 8 மி.மீ. எழுத்து உயரம் என்பது பழைய கணக்கு. நடைபாதையில் 3 மீட்டர் தள்ளிப் படிக்க வேண்டுமானால் தலைப்பு 25 மி.மீ. பாயிண்ட் அளவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், ஃபான்ட்டுக்கு ஃபான்ட் அது வேறு உயரம் காட்டும். பிரிண்ட் எடுத்து, 'க', 'ப' போன்ற எழுத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

அடுத்தது தம்ப்நெயில், அதாவது ஐடியாவைச் சின்னக் கட்டத்துக்குள் வேகமாகக் கிறுக்கிப் பார்ப்பது. உங்கள் மூன்று வாரத்தில் முக்கியமான கட்டம் இதுதான். ஏ3-யின் விகிதத்துக்கு 5 × 7 செ.மீ. கட்டம் சரியாக இருக்கும். ஒரு ஏ4 தாளில் 9 கட்டம் கொள்ளும். நான்கு தாள், 36 கட்டம். தடித்த பேனா எடுங்கள். பென்சில் என்றால் கை ரப்பரைத் தேடும். கட்டத்துக்கு இரண்டு நிமிடம். எழுத்து வரும் இடத்தில் பட்டையாகக் கோடு போட்டால் போதும். முதல் பத்தில் சொட்டு, ஏந்திய கைகள், வெடித்த நிலம், பூமி உருண்டை எல்லாம் வரிசையாக வந்துவிடும். வரட்டும். எல்லோருக்கும் முதலில் வருவது அவைதான், அவற்றைக் கொட்டித் தீர்த்தால்தான் அடுத்தது வரும்.

இருபதை நெருங்கும்போது மனசு வறண்டுவிடும். அப்போது பின்ட்ரெஸ்ட் பக்கம் ஓடாதீர்கள், குழாய்க்குப் போங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் பல் துலக்கினால் 12 லிட்டர், அதாவது பன்னிரண்டு பாட்டில். பன்னிரண்டு பாட்டில் வரிசையாக நிற்க, ஓரத்தில் ஒரு டூத்பிரஷ்: சொட்டும் இல்லை, பூமி உருண்டையும் இல்லை. மிச்சமுள்ள கட்டங்களில் இந்த ஒன்றையே மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே வரிசை, நான்குக்கு மூன்று, விளிம்பில் வெட்டுப்பட்ட பாட்டில், பிரஷ் பெரிதாக பாட்டில் சிறிதாக. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எதனால் நன்றாக வந்தது என்று தெரியும்.

மூன்றைத் தேர்ந்தெடுத்து ஏ4-ல் ரஃப் செய்யுங்கள். விஷயம் தெரியாத ஒருவரிடம் 3 விநாடி காட்டிக் கவிழ்த்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "ஏதோ பாட்டில் விளம்பரம்" என்று சொன்னால் பிரஷ் சின்னதாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சோதனை கெட்டுவிடும்.

ரிவ்யூவில் கேட்கிற ப்ராசஸ் இந்தத் தாள்கள்தான். அன்றன்றே தேதியோடு போட்டோ எடுத்து, விட்டுவிட்ட ஒவ்வொன்றின் கீழும் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். போஸ்டரை முடித்த பிறகு பின்னோக்கித் தம்ப்நெயில் போடுவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லாக் கட்டமும் கடைசி லேஅவுட்டின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

எட்டாம் நாள் கம்ப்யூட்டர். ஏ3, சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்). முதலில் கறுப்பு வெள்ளையிலேயே லேஅவுட்டை முடியுங்கள். அதில் நிற்காத லேஅவுட்டை நிறம் காப்பாற்றாது. தமிழில் 'கெ', 'கொ' போன்றவை கொம்பு இடம் மாறி உடைந்து வந்தால் ஃபான்ட்டைத் திட்டாதீர்கள். இல்லஸ்ட்ரேட்டரின் பிரிஃபரன்ஸ் டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷனை ஆன் செய்து, பேராகிராஃப் பேனல் மெனுவில் சவுத் ஏசியன் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். சாஃப்ட்வேர் தானாக வைக்கும் வரி இடைவெளியான (ஆட்டோ லெடிங்) 120 சதவீதம் தமிழுக்குப் பல நேரம் நெருக்கடி. மேல் வரி 'மூ'வின் காலும் கீழ் வரி 'கீ'யின் கொக்கியும் இடிக்கும். 135-ல் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) அதிகம் கூட்டினால் கொம்பும் காலும் தனி எழுத்து போல விலகி நிற்கும்.

இனி உங்கள் ஊதா. இரண்டு காரணம் இருக்கலாம். திரை ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளியில்) காட்டும் பளீர் நீலம் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மையில் கிடைக்கவே கிடைக்காது. கடைசி நேரத்தில் சிஎம்ஒய்கேக்கு (அச்சின் நான்கு மை நிறங்களுக்கு) மாற்றும்போது சாஃப்ட்வேர் அருகிலுள்ள ஏதோ ஒரு நிறத்தைப் பிடிக்கிறது. இன்னொன்று மெஜந்தா கூடிப்போவது. சியான் 100 சதவீதம், மெஜந்தா 100 சதவீதம் என்றால் ஊதாதான். மெஜந்தாவைச் சியானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே வையுங்கள்; சியான் 100-க்கு மெஜந்தா 60 நல்ல தொடக்கம். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மட்டும் 100. நான்கு மையும் கலந்த கறுப்பு கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் நிறம் பிசிறும்.

பாட்டில் போட்டோ முழு ஏ3-க்கு என்றால் 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3508 × 4961 பிக்சல் வேண்டும். 1200 பிக்சல் அகலப் படம் அங்கே 100 பிபிஐ அளவில்தான் நிற்கும், கையெட்டும் தூரத்தில் மசமசப்புத் தெரியும். ஃபைல் கொடுக்குமுன் ஒரு நகலில் எழுத்தை அவுட்லைன் (ஃபான்ட் தேவைப்படாத வடிவம்) ஆக்குங்கள், திருத்தக்கூடிய மூல ஃபைலைத் தனியாக வையுங்கள். பதினாறாம் நாள் வாக்கில், போஸ்டரின் நீலப் பகுதியும் ஒரு வரி எழுத்தும் வருகிற மாதிரி ஒரு துண்டை ஏ4-ல் 100 சதவீத அளவில், கடைசியில் போடப்போகும் அதே பேப்பரில், அதே மெஷினில் அடித்துப் பாருங்கள். பிரிண்ட் டயலாக்கில் 'ஃபிட் டு பேஜ்' (தாளுக்கேற்ப அளவை மாற்றுவது) டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கேல் வைத்து அளந்ததெல்லாம் வீண்.